கடைசிச் சீட்டும் மாப்பிள்ளை நாற்காலியும்

தனசேகரன் 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிங்கப்பூரில் பிறந்தார். தந்தை கண்ணுச்சாமி, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். தாய் அலமேலு. உடன்பிறந்தோர் இருவர், இருவரும் காலமாகிவிட்டனர். உயர்நிலை நான்கு வரை படித்து, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்து, பேருந்து ஓட்டுநரானார். 1995இல் சரஸ்வதியை மணந்தார். பிள்ளைகள் இல்லை. 1997 செப்டம்பரில் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவரைப் பார்த்துக்கொள்வதற்காக மனைவியோடு புக்கிட் மேராவில் இருந்த மாமனார் வீட்டுக்குக் குடிவந்தார். சொந்தமாக வீடு வாங்கும் பேச்சு அவ்வப்போது எழுந்தது; அம்மாவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சரஸ்வதி தள்ளிவைத்தார். மாமனாரும் மாமியாரும் மறைந்த பின் வீடு சரஸ்வதியின் தம்பி ரமணன் பெயருக்கு மாறியது. 2022இல் மனைவியின் நோயை முன்னிட்டுத் தனசேகரன் வேலையை விட்டார். 2023 பிப்ரவரியில் சரஸ்வதி இறந்தார்.

இவ்வளவும் சான்றிதழ்களில் உள்ள செய்திகள். எந்தச் சான்றிதழிலும் ஏறாத செய்தி ஒன்று உண்டு. அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலி ஒன்று தனசேகரனுக்கென்றே இருந்தது. மற்றவை கையில்லாதவை. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்கூட அதில் யாரும் உட்கார மாட்டார்கள். வீட்டோடு இருந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான் என்று மாமனார் வகுத்த மரியாதை அது.

தீபாவளியன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் சீட்டாடுவது அங்கே வழக்கம். மாமனார் காலத்தில் ரம்மி. காசு வைத்து ஆடக் கூடாது என்ற மாமியாரின் கட்டளை அவருக்குப் பின்னும் நின்றது. ஆகவே பந்தயம் எண்ணெய்ச் சட்டி: ஆட்டத்தில் கடைசியாக வருகிறவர், முறுக்கும் அதிரசமும் சுட்ட சட்டிகளை எல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். ரமணனின் மகன் அருண்ராஜ் தேசிய சேவையில் இருந்தபோது முகாமில் போக்கர் கற்றுக்கொண்டு வந்தான். அதே வாரம் தனசேகரன் சிராங்கூன் சாலைக் கடையொன்றில் காசுக்குப் பதிலாகப் பந்தயம் வைக்கும் பிளாஸ்டிக் வில்லைகள் அடுக்கிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ரம்மி அத்தோடு ஒழிந்தது.

ஆட்டம் எளியது. ஆளுக்கு இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பிறகு நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, முடிவாக ஒன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். அவை எல்லோருக்கும் பொது. கைச்சீட்டு அவற்றோடு ஜோடி சேர வேண்டும்; பெரிய ஜோடி சிறியதை வெல்லும், இரண்டு ஜோடி ஒற்றை ஜோடியை வெல்லும். ஒவ்வொரு முறை திறந்ததும், சீட்டுப் போடுகிறவரின் இடப்பக்கத்திலிருந்து வரிசையாக ஒவ்வொருவரும் பந்தயம் பேச வேண்டும். அந்த முடிவான சீட்டுக்கு ‘ரிவர்’ என்று பெயர். அது விழுந்த பிறகு ஒருவர் வில்லைகளை முன்னே தள்ளினால், மற்றவர் அதே அளவு தாமும் வைத்து, காட்டு என்று கேட்கலாம்; அதற்குக் ‘கால்’ என்று பெயர். அல்லது தம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்; அது ‘ஃபோல்ட்’. வரிசையில் கடைசியாகப் பேசுகிறவருக்கு ஆதாயம் அதிகம். மற்றவர்கள் எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு அவர் வாயைத் திறந்தால் போதும். அதனால்தான் அந்த இடம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் வீதம் சுற்றிவர வேண்டும் என்று விதி.

“லாஸ்ட் பேசுற இடம் சுத்தி சுத்தி வரணும்பா. அதான் ரூல்” என்று அருண்ராஜ் முதல் நாளே விளக்கினான்.

“உங்க மாமாவ ஒவ்வொரு தடவையும் எழுப்பி நகத்தச் சொல்றியா? மாப்பிள்ளடா அவரு” என்றார் ரமணன்.

“ஆள் நகர வேணாம்பா. டீலர்தான் நகரும்.”

“அதெல்லாம் உன் கேம்ப்போட வச்சிக்க. இங்க கவி சீட்டு போடுவா. அவளுக்கு வலது பக்கம் மாமா. முடிஞ்சிச்சு லா.”

கவி என்ற கவிப்ரியா, ரமணனின் மகள். அன்றிலிருந்து அவள் ஆடாமல் சீட்டு மட்டும் போட்டாள். கடைசிப் பேச்சு கை வைத்த நாற்காலிக்கே உரியதாயிற்று. தனசேகரன் ஆண்டுதோறும் வென்றார். எண்ணெய்ச் சட்டி ஒருமுறைகூட அவர் கைக்கு வந்ததில்லை. இது தம் திறமை என்று அவர் மனமார நம்பினார். முப்பது ஆண்டுக்கு மேல் ஓட்டுநர் இருக்கைக் கண்ணாடியில் பயணிகளின் முகங்களைப் பார்த்தவர் அவர். பயண அட்டையைத் தட்டாமல் பின்வாசல் வழியே ஏறியவன் யார், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர் யார் என்பதெல்லாம் தமக்கு முகத்தில் தெரிந்துவிடும் என்பார். “மூஞ்சியப் பாத்தா போதும்லா, உள்ள என்ன இருக்குன்னு சொல்லிருவேன்” என்று சொல்லி வில்லைகளை அணைத்து இழுத்துக்கொள்வார். சரஸ்வதி பக்கத்திலிருந்து, “போதும், உங்க பெரும” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

சரஸ்வதி இறந்த ஆண்டு துக்கம் காத்தார்கள், தீபாவளி இல்லை. மறு ஆண்டு அருண்ராஜுக்குத் திருமணம் நிச்சயமானது. பெண் வர்ஷா, பள்ளி ஆசிரியை. தை மாதம் முகூர்த்தம். இருவரும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் பதிந்துவைத்த வீடு கைக்கு வர இன்னும் மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதுவரை புக்கிட் மேரா வீட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டில் அறைகள் மூன்று. ஒன்றில் ரமணனும் மனைவி தேவகியும், ஒன்றில் கவிப்ரியா, ஒன்றில் தனசேகரன். அருண்ராஜ் இவ்வளவு காலமும் கூடத்துச் சோபாவில் படுத்தவன். புதுமணப் பெண்ணைச் சோபாவில் படுக்கவைக்க முடியாது. கணக்கு எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுப் போடவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, தனசேகரன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே தேவகி தன் தங்கையோடு தொலைபேசியில் பேசுவது சன்னல் வழியே கேட்டது.

“நாங்க எப்படிடி கேக்குறது? வீட்டு மாப்பிள்ளடி. அண்ணி வேற இல்ல. அண்ணனாப் பாத்து சொன்னாத்தான் உண்டு.”

அவர் செருப்பை மீண்டும் மாட்டிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கி, அடுக்குமாடி புளோக்கின் அடித்தளத்துக் கல்மேசையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். தாமே சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சொல்லிவிட்டு எங்கே போவது? அந்த வீட்டின் காலைச் சத்தங்களுக்கு அவர் காது பழகியிருந்தது: தேவகியின் மிக்சி, கவிப்ரியா சாவியைத் தேடும் அமளி, ரமணன் குளியலறையில் பாடும் ஒரே பாட்டு. சரஸ்வதி கடைசியாகக் கண்மூடிய கட்டில் அந்த அறையில்தான் கிடந்தது. அவருக்கு அந்த வீட்டில் இருக்க வேண்டும். தாம் பேச்சை எடுத்தால், “எங்க போகப் போறீங்க, சும்மா இருங்க” என்று யாராவது தடுத்துவிடுவார்கள் என்ற ஆசை ஒரு பக்கம். ஒருவரும் தடுக்காமல் போனால் என்ற அச்சம் மறுபக்கம்.

ஒருநாள் துணிந்தார். “ரமணா, தை மாசம்னா கிட்டத்துல வந்துருச்சு. வீட்ல எடமெல்லாம்…”

“அதெல்லாம் பாத்துக்கலாம் அத்தான். நீங்க எதுக்குக் கவலப்படுறீங்க” என்று ரமணன் அவசரமாகச் சொல்லிவிட்டு, பந்தாட்டம் பார்க்கத் தொலைக்காட்சியைப் போட்டார்.

அந்த விடையைத் தனசேகரன் பல நாள் புரட்டிப் பார்த்தார். நீங்கள் இங்கேயே இருக்கலாம், கவலை வேண்டாம் என்றும் கொள்ளலாம். நாங்கள் ஏற்பாடு செய்துவிட்டோம், உங்களிடம் பிறகு சொல்கிறோம் என்றும் கொள்ளலாம். ரமணன் அப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தபடியால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் இருவரும் லிட்டில் இந்தியாவுக்குப் போனார்கள். தேக்கா சந்தையில் வாழையிலையும், சரஸ்வதியின் படத்துக்கு மாலையும் வாங்கியபின், ரமணன் அவரை ஒரு துணிக்கடைக்குள் அழைத்துப்போனார். தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பது அந்த வீட்டு முறை. மாமனார் தொடங்கியதை ரமணன் விடவில்லை. கடைக்காரர் வேட்டிகளை விரித்துப் போட்டு, “யாருக்குண்ணே, மாப்பிள்ளைக்கா? தல தீபாவளியா?” என்றார்.

“மாப்பிள்ளைக்குத்தான். இந்தா நிக்கிறாரே, எங்க வீட்டு மாப்பிள்ள” என்று ரமணன் நரைத்த தலையோடு நின்றவரைக் காட்டினார்.

கடைக்காரர் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து நல்ல சரிகைக் கரையாக ஒன்று எடுத்து வந்தார். தனசேகரனுக்கு அன்று இரவு நன்றாகத் தூக்கம் வந்தது. போகச் சொல்கிறவர்கள் வேட்டி எடுத்துக் கொடுப்பார்களா?

தீபாவளியன்று மதியம் நசீர் வந்தார். நசீரும் தனசேகரனும் ஒரே பணிமனையில் வண்டி ஓட்டியவர்கள். தீவின் வடகோடியில் மார்சிலிங்கில் மனைவி சாயிரா பானுவோடு இருக்கிறார். மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து, தேவகி தனியாக எடுத்துவைக்கும் பலகாரங்களோடு சோபாவில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பார். சீட்டைத் தொடமாட்டார். “ஆடுறதுதாம்மா எங்களுக்கு ஆகாது. இவன் ஆடுறதப் பாக்குறது ஆட்டமே இல்ல, கண்காட்சி” என்பார்.

புது வேட்டியின் கரையைச் சரிசெய்துகொண்டு தனசேகரன் தம் அறையிலிருந்து வெளியே வர இருந்தபோது, கதவுக்கு அந்தப் பக்கம் கவிப்ரியாவும் வர்ஷாவும் பேசுவது கேட்டது. வர்ஷா முதன்முறையாக அந்த ஆட்டத்தில் உட்காரப்போகிறாள்.

“ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சிக்க. மாமாவ யாரும் அடிக்க மாட்டோம்.”

“வாட் டு யூ மீன்?”

“ரிவர் வந்தப்புறம் மாமாவும் ஆட்டத்துல இருந்தா, பெட் பண்ணாத. அவர் பெட் பண்ணா ஃபோல்ட் பண்ணிடு. தாத்தா காலத்துலேருந்து அப்படித்தான். ரம்மியிலயும் அவருக்கு வேணும்கிற கார்டத்தான் எல்லாரும் கீழ போடுவாங்களாம். அத்தைக்குக்கூடத் தெரியும்.”

“அவருக்குத் தெரியாதா?”

“பாவம் லா. சொல்லிடாத.”

தனசேகரன் கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அத்தைக்குக்கூடத் தெரியும். சரஸ்வதியின் சிரிப்பு இப்போதுதான் அவருக்கு விளங்கியது. கொஞ்சநேரம் கழித்துக் கதவைத் திறந்து, இருவரையும் பார்த்து, “ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வேறு எங்கே உட்காருவது?

கவிப்ரியாவின் இடப்பக்கம் ரமணன், அவரையடுத்து தேவகி, அருண்ராஜ், வர்ஷா, கடைசியில் தனசேகரன். அவருடைய முதுகுக்குப் பின்னால் சோபாவில் நசீர். அங்கிருந்து பார்த்தால் தனசேகரனின் சீட்டு நசீருக்குத் தெரியும்.

முதல் சில ஆட்டங்களில் தனசேகரன் சோதித்துப் பார்த்தார். கையில் ஒன்றுக்கும் உதவாத இரண்டும் ஏழும். நடுவில் விழுந்தவற்றோடும் அவை சேரவில்லை. அதுவரை உற்சாகமாக ஏற்றிக்கொண்டு வந்த அருண்ராஜ், ரிவர் விழுந்ததும், மேலே வைக்கவில்லை என்பதற்கு அடையாளமாக மேசையைத் தட்டி நிறுத்திக்கொண்டான். தனசேகரன் ஒரு கைப்பிடி வில்லைகளைத் தள்ளினார்.

“அய்யோ, மாமாகிட்ட ஸ்ட்ராங்கா இருக்கு போல” என்று அருண்ராஜ் தலையில் கைவைத்தான். கவிழ்த்தான்.

“அண்ணன்கிட்ட நான் மாட்ட மாட்டேம்ப்பா” என்றார் தேவகி. கவிழ்த்தார்.

ரமணனும் வர்ஷாவும் கவிழ்த்தார்கள். பின்னாலிருந்து நசீர் இருமினார்.

“என்னடா சேகரு இது? ரோட்டுல போட்டிருக்கானே, பஸ்ஸுக்கு வழி விடுன்னு. அந்த போர்ட முதுகுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கியா? காலி பஸ்ஸுக்கெல்லாம் ஒதுங்குறாங்க.”

“நசீர் மாமா, சீட்டப் பாத்துட்டு பேசக் கூடாது” என்று கவிப்ரியா அதட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். தனசேகரனும் சிரித்தார், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

இரண்டாவது முறையும் அப்படியே நடந்தது. மூன்றாவது முறை சீட்டைப் பார்க்காமலேயே தள்ளினார், அதற்கும் ஒதுங்கினார்கள். தேவகி எவ்வளவு அழகாக உதட்டைப் பிதுக்கி ஏமாற்றம் காட்டுகிறார் என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். இத்தனை ஆண்டு பழக்கத்தில் வந்த தேர்ச்சி. அவர்களில் யாரையும் குறைசொல்ல அவரால் முடியவில்லை. அன்பாகத்தான் செய்தார்கள். அதை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் தெரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சிறு பெண்கள் இருவர் முகமும் என்னவாகும்?

அடுத்த ஆட்டம். தனசேகரன் தம் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டின் ராணி, கிளாவர் ஜாக்கி. நடுவில் மூன்று விழுந்தன: இஸ்பேட் ராணி, ஓர் எட்டு, ஒரு மூன்று. அவருக்கு ராணி ஜோடி சேர்ந்துவிட்டது. இம்முறை பொய் இல்லை. கொஞ்சம் வைத்தார். தேவகியும் அருண்ராஜும் ஒதுங்கினார்கள். ரமணனும் வர்ஷாவும் வைத்தார்கள். நாலாவதாக ஓர் ஐந்து. மறுபடி கொஞ்சம் வைத்தார். இருவரும் கூடவே வந்தார்கள். ரிவர் சீட்டைக் கவிப்ரியா திறந்தாள். ஆட்டின் ராஜா.

முதலில் பேச வேண்டியவர் ரமணன். வழக்கப்படி அவர் விரலால் மேசையைத் தட்ட வேண்டும். கவிப்ரியா அதை எதிர்பார்த்து அடுத்தவரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். ரமணன் தட்டவில்லை. தம் முன்னால் அடுக்கியிருந்த வில்லைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் பாதிக்கு மேல் அணைத்து நடுவில் தள்ளினார்.

“அப்பா?” என்றாள் கவிப்ரியா.

“பெட்” என்றார் ரமணன். யாரையும் பார்க்கவில்லை.

வர்ஷா குழம்பிப்போய் அருண்ராஜைப் பார்த்தாள், சீட்டைக் கவிழ்த்தாள். இனித் தனசேகரன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த இத்தனை ஆண்டில், ரிவருக்குப் பிறகு அவர் முன்னால் யாரும் வில்லை தள்ளியதில்லை. எல்லோரையும் கேட்டுவிட்டுக் கடைசியில் பேசும் இடம் அது. ஆனால் அவர் கேட்டதெல்லாம் மேசையைத் தட்டும் ஓசையும், கவிழும் சீட்டின் ஓசையும்தான். இன்று முதன்முறையாக ஒருவர் ஏதோ சொல்கிறார். என்ன சொல்கிறார்?

ரமணனிடம் ராஜா இருக்கலாம். அப்படியானால் இது உண்மையான பந்தயம். அத்தானே, இனி நீங்களும் எங்களைப்போல ஒருவர்தான், அக்கா போய்விட்டாள், நாற்காலியை எத்தனை நாள் காப்பது என்று அதற்குப் பொருள். தை மாதக் கணக்கும் அதற்குள் அடக்கம். ஒன்றுமே இல்லாமலும் தள்ளியிருக்கலாம். அத்தானிடம் ராணி இருக்கிறது என்று ஊகித்து, தோற்பதற்காகவே, கை நிறையக் கொடுத்துவிட வேண்டும் என்று தள்ளியிருக்கலாம். வழியனுப்புகிறவர்கள் அப்படித்தான் மனம் தாராளமாகக் கொடுப்பார்கள். நேற்றைய வேட்டியின் சரிகைக் கரை சட்டென்று வேறாகத் தெரிந்தது. வென்றாலும் தோற்றாலும் அவருக்கு ஒரே விடைதான் வந்தது. சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கினால் விடையே வராது. ஆகஸ்ட் மாதத்திலிருந்து இருந்தது போலவே எல்லாம் இருக்கும்.

அவர் ரமணன் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தைப் பதின்ம வயதிலிருந்து அவருக்குத் தெரியும். சரஸ்வதியைப் பெண் பார்க்கப் போனபோது காப்பித் தட்டை நீட்டியவனே அவன்தான். இப்போது அந்தக் காது சிவந்திருந்தது. கீழுதட்டைக் கடித்திருந்தான். கண்ணாடியில் ஆயிரம் முகம் பார்த்தவருக்கு அந்த ஒரு முகத்தில் எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை.

பின்னால் நசீர் இந்த முறை இருமவில்லை.

“கால்” என்றார் தனசேகரன். ரிவருக்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த நாற்காலியிலிருந்து அவர் சொன்னதே இல்லை. சொல்லத் தேவை வந்ததில்லை. வில்லைகளைத் தள்ளிவிட்டு, “காட்டு ரமணா” என்றார்.

ரமணன் சீட்டைக் காட்டவில்லை. கவிழ்ந்தபடியே நடுவில் எறிந்துவிட்டு, “நீங்க ஜெயிச்சிட்டீங்க அத்தான். என்கிட்ட ஒண்ணும் இல்ல” என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“பாத்தீங்களா, மாமாவ ஏமாத்த முடியுமா!” என்று அருண்ராஜ் உரக்கச் சொன்னான். தேவகி பெருமூச்சு விட்டார். கவிப்ரியா வில்லைகளைத் தனசேகரன் பக்கம் நகர்த்தக் கை நீட்டினாள். சீட்டுகளை அள்ளித் தந்து உதவலாம் என்று நினைத்த வர்ஷா, ரமணனின் இரண்டையும் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

“அங்கிள், உங்ககிட்ட கிங் இருக்கே! எயிட்டும் இருக்கு. டூ பேர். நீங்கதானே வின்னர்?”

ராஜாவும் எட்டும் மேசைமேல் மல்லாந்து கிடந்தன. வர்ஷா தான் செய்தது என்ன என்று விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“நான் சரியாப் பாக்கல” என்றார் ரமணன்.

“ராஜாவையா பாக்கல?” என்றார் தனசேகரன்.

“கண்ணாடி போடல அத்தான்.” கண்ணாடி அவர் மூக்கின்மேல்தான் இருந்தது.

அப்போதுதான் தனசேகரனுக்கு அந்த முகம் பிடிபட்டது. ரமணன் சொல்லத்தான் தொடங்கினான். மாதக்கணக்கில் தொண்டையில் நின்றதை, வாயால் முடியாமல், வில்லையால் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். சொல்லு என்று கேட்டதும் பயந்து கவிழ்த்துவிட்டான். அவனாலும் முடியவில்லை. இந்த மரியாதையை இருவரில் யாரும் உண்டாக்கவில்லை. இறக்கி வைக்கவும் இருவருக்கும் தெரியவில்லை.

தனசேகரன் வில்லைக் குவியலை ரமணன் பக்கம் தள்ளினார். ரமணன் திருப்பித் தள்ளினார். “உன்னுது ரமணா.” “இல்லத்தான், காட்டாம எறிஞ்சா தோத்ததாத்தான் கணக்கு.” “சீட்டு மேலதானே கெடக்கு.” உணவுக் கடையில் யார் காசு கொடுப்பது என்று முட்டிக்கொள்கிறவர்களைப்போல் இருவரும் அதை இப்படியும் அப்படியும் தள்ள, சில வில்லைகள் தரையில் விழுந்து உருண்டன.

தனசேகரன் எழுந்தார். “வர்ஷா, நீ இங்க வந்து உக்காரும்மா. அருண் அன்னைக்கே சொன்னான். இந்த இடம் சுத்தி வரணும்னுதான் ரூல்.”

“ஐயோ வேணாம் மாமா.”

“உக்காரு. ஃபேன் நேராக் கெடைக்கும்.” தம் அறைப் பக்கம் கைகாட்டிச் சொன்னார்: “ரூமுக்குள்ளயும் காத்து நல்லாத்தான் வரும். மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் வெயில் அடிக்கும். திர போட்டாச் சரியாயிரும்.”

சொல்லிவிட்டார். இனி அவர்கள் முறை. தடுக்கவேண்டிய சொல் வருவதற்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்து, நாற்காலியின் கையைப் பிடித்தபடியே நின்றார். அருண்ராஜ் குனிந்து தரையில் வில்லைகளைப் பொறுக்கினான். ரமணன் சீட்டுக்கட்டை வாங்கி, அடுக்கி, மறுபடி கலைத்தார். தேவகியின் கண் நிறைந்துவிட்டது.

“டீ போடவா அண்ணே?” என்றார் தேவகி.

“போடும்மா” என்றார் தனசேகரன்.

மீதி ஆட்டத்தை அவர் வர்ஷாவின் கையில்லாத நாற்காலியில் இருந்து ஆடினார். வேண்டுமென்றே எல்லாவற்றையும் தள்ளித் தோற்றார். அதையாவது அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். முடிவில் கடைசியாக வந்தவர் அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எண்ணெய்ச் சட்டிமீது அவர் கை படுமுன் தேவகி அதைப் பறித்துக்கொண்டார்.

“நீங்க போயி சட்டி கழுவுறதா? நல்லா இருக்குமா அண்ணே? யாராச்சும் கேட்டா எங்கள என்ன சொல்லுவாங்க?”

“தோத்துட்டேன்லம்மா.”

“அது வெளையாட்டு. போய் உக்காருங்க.”

நசீரை வழியனுப்பக் கீழே போனபோது மின்தூக்கியில் இருவரும் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“மார்சிலிங்ல பெரியவ ரூம் சும்மாதான் கெடக்கு” என்றார் நசீர். “சொல்லலாமா வேணாமான்னு தெரியல. ஒனக்குக் கோவம் வந்தா, நான் சொல்லலன்னு வச்சிக்க.”

“சாயிராவுக்குச் செரமமா இருக்காதா?”

“அவதான்டா சொல்லிவிட்டா. தனியா ஒரு அடுப்பு வச்சிக்க. ஆனா ஒண்ணு, எங்க வீட்ல ஒன்ன யாரும் மாப்பிள்ளன்னு கூப்பிட மாட்டாங்க. நைட்டு குப்பைய நீதான் கொண்டுபோயிப் போடணும்.”

தனசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. அன்று அவர் யோசித்துச் சிரிக்காமல் தானாக வந்த முதல் சிரிப்பு அதுதான்.

ரமணனிடம் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சொன்னார். ரமணன் சிறு பையனைப்போல் அழுதார். “ஏன் அத்தான், நாங்க ஏதாச்சும் சொன்னோமா?”

“யாரும் எதுவும் சொல்லல ரமணா” என்றார் தனசேகரன். அது முழு உண்மை.

ரமணன் கையைப் பிடித்துக்கொண்டார், வெகுநேரம் விடவில்லை. போக வேண்டாம் என்ற சொல் மட்டும் வரவில்லை. மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று தேவகி நாள் பார்த்துச் சொன்னதால் கார்த்திகையிலேயே சாமான்கள் ஏறின. லாரியை ரமணனே ஏற்பாடு செய்தார். கட்டிலைப் பிரித்து எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டுப் போனார். சரஸ்வதியின் படம் ஒன்று அங்கே இருந்தது; அதைப்போல இன்னொன்று அச்செடுத்து மார்சிலிங்கில் மாட்டினார்கள். திருமணத்தில் தனசேகரன் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டார். மாப்பிள்ளை மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு அவர் விருந்தாளியாகப் போனார். புது வேட்டி கொடுத்தார்கள். கை வைத்த நாற்காலி துடைக்கப்பட்டு மின்விசிறிக்குக் கீழே காலியாக இருந்தது. மறுத்துப் பார்த்தார், விடவில்லை. உட்கார்ந்தார். ரிவர் சீட்டு விழுந்ததும் ரமணன் மேசையைத் தட்டினார். தேவகி உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் அந்த வீட்டுப் பழக்கம் படிந்துவிட்ட வர்ஷா, “மாமாகிட்ட ஸ்ட்ராங்கா இருக்கும்” என்று சீட்டைக் கவிழ்த்தாள். தனசேகரன் வில்லைகளை அணைத்து இழுத்துக்கொண்டார். கையில் இரண்டும் ஏழும். பொழுது சாயுமுன் ரயிலேறி மார்சிலிங் போய்ச் சேர்ந்தார்.

புக்கிட் மேரா வீட்டில் அவர் குடியிருந்தது இருபத்தேழு ஆண்டுகள்.